காற்று தூக்கும் கிரேன் வண்டி



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஓர் அக்கா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார்.

"எம் பொண்ணு எட்டாவது படிக்குது. ஸ்கூல்ல பிளாஸ்டிக் கட்டைய மாட்டி மாட்டி, ரிமோட்டுல ஓடுற கிரேன் வண்டி செய்யப் போறாங்களாம். காத்துலயே பாரம் தூக்குமாம். சனிக்கிழமை சனிக்கிழமை போவணும். அவங்க அப்பா, பொம்பளப் புள்ளைக்கு லாரி பொம்மை எதுக்கு, பேரைக் கொடுக்காதேங்கிறாரு. இது படிப்பா விளையாட்டா? எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க நாலு பேரு சொல்லுங்க."

நமக்கும் அன்றைக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அதனால் விசாரித்தோம், படித்தோம். அந்தப் பள்ளி ஆசிரியையிடம் அனுமதி வாங்கி இரண்டு சனிக்கிழமை கூடவே உட்கார்ந்தும் பார்த்தோம். தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். கணக்கு கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிசில்லை.

கட்டை வந்த கதை

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்கிற தச்சர் 1932ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். வீட்டு வேலை, கதவு ஜன்னல் வேலை கிடைக்காத பஞ்ச காலம் அது. 1934ல் தன் பொம்மைக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். அவங்க பாஷையில் 'நன்றாக விளையாடு' என்கிற இரண்டு வார்த்தையைச் சுருக்கி வந்த பெயர். இன்றைக்குப் பார்க்கும் கட்டை, அதாவது மேலே குமிழும் அடியில் குழாயும் உள்ள கட்டை, 1958ல் வந்தது. அந்த வருஷத்துக் கட்டையும் இன்றைக்கு வாங்கும் கட்டையும் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தும். அளவில் அவ்வளவு கண்டிப்பு.

1977ல் பல்சக்கரம், அச்சு, துளை போட்ட சட்டம் எல்லாம் வைத்து பிற்பாடு 'டெக்னிக்' என்று பெயர் பெற்ற வகையைக் கொண்டுவந்தார்கள். 1984ல் அதில் காற்றழுத்தச் சிலிண்டர் சேர்ந்தது. 1992ல் வந்த ஒரு நகக்கிரேன் லாரியில் மோட்டாரே பம்ப் அடிக்கும். 1995ல் வந்த கிரேன் லாரியில் (அதன் எண் 8460) கையால் பம்ப் அடித்தால் பூம் எழும்பும். ரிமோட் இரண்டிலும் கிடையாது. நம்ம அக்கா பெண் செய்ய நினைப்பது, மோட்டார் பம்ப், காற்றுப் பூம் இரண்டோடு ரிமோட்டையும் சேர்த்து ஒரே வண்டியில்.

அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு தகவல். 1974லேயே அந்தக் கம்பெனி தன் பெட்டிக்குள் பெற்றோருக்கு ஒரு கடிதம் வைத்தது. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை ஆண்பிள்ளை பெண்பிள்ளை இரண்டு பேருக்கும் சமம்தான், எதைச் செய்வது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது.

காற்றுக்குப் பலம் எங்கிருந்து வந்தது?

டவுன் பஸ்ஸில் டிரைவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் 'புஸ்ஸ்' என்று கதவு மூடுதே, அது காற்று. லாரி நிற்கும்போது பெருமூச்சு விடுகிற மாதிரி சத்தம் வருதே, அது பிரேக்கில் இருந்து வெளியேறும் காற்று. அதே வேலைதான் இங்கேயும். ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தண்டு. குழாய்க்குள் காற்றை அழுத்தி அனுப்பினால் தண்டு வெளியே வரும். அதுதான் சிலிண்டர்.

எவ்வளவு பலமாகத் தள்ளும்? பஞ்சர் கடையில் பைக் டயருக்கு 'முப்பது' வை என்கிறோம். அந்த முப்பது என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம். சிலிண்டர் உள்ளே காற்று படும் இடம் ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்டு 2 கிலோ பலத்தோடு தள்ளும். விரல் தடிமன் சிலிண்டருக்கு அது அதிகம்தான். பிள்ளைகளும் இப்படித்தான் நினைத்தார்கள்: "2 கிலோ தள்ளும்னா 2 கிலோ தூக்கும்."

தூக்காது. ஏன் என்று பார்ப்போம்.

நிறை குடத்தை இடுப்பில் வைத்து அரை மைல் நடக்கிறோம். அதே குடத்தைக் கையை நீட்டி அரை நிமிஷம் பிடிக்க முடியுமா? எடை அதேதான். உடம்பிலிருந்து தள்ளிப் போனதால் பாரம் கூடிவிட்டது. கிரேனுக்கும் இதே கதை. பூம் நீளம் 24 சென்டிமீட்டர். சிலிண்டர் அதை முட்டித் தள்ளும் இடமோ கீலிலிருந்து வெறும் 4 சென்டிமீட்டர்.

பெண் பிள்ளைகள் நான்கு பேரும் 300 கிராம் தூக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 300 பெருக்கல் 24, ஆக 7,200. சிலிண்டர் பக்கம் 2,000 கிராம் பெருக்கல் 4, ஆக 8,000. "பத்தும் மிஸ்!" என்று கைதட்டினார்கள். மாட்டிப் பார்த்தால் பூம் அசையவே இல்லை.

பூமுக்கும் எடை உண்டே, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பூம் 200 கிராம். அதன் எடை நடுவில், அதாவது 12 சென்டிமீட்டரில் இருக்கிறது. அது ஒரு 2,400. மொத்தம் 9,600. இருப்பதோ 8,000. குழுக் கடனில் அசலை மட்டும் எழுதி வட்டியை மறந்த கதை.

இரண்டு சிலிண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே டியூபில் சேர்த்தார்கள். இப்போது 16,000. பூம் படுத்திருக்கும்போது சிலிண்டர் நேராகத் தள்ளாமல் சாய்ந்து தள்ளும், அதில் ஒரு பகுதி பலம் வீணாகும். அதுபோக மீதி போதும். இதில் ஒரு கெடுதலும் உண்டு. இரண்டு சிலிண்டர் நிரம்ப இரண்டு பங்கு காற்று வேண்டும், பூம் மெதுவாகத்தான் எழும்பும். பிள்ளைகள் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

எதற்குக் காற்று, எதற்குக் கயிறு?

இந்த இடம்தான் வடிவமைப்பில் முக்கியமான இடம் என்று நமக்குப் பட்டது. அந்த வண்டி என்னென்ன செய்ய வேண்டும்? முன்னே பின்னே ஓட வேண்டும், திரும்ப வேண்டும். மேல்பகுதி சுற்ற வேண்டும். பூம் ஏறி இறங்கவும், நீளவும் வேண்டும். கொக்கிக் கயிறு சுற்ற வேண்டும். ஜாக் கால் இறங்க வேண்டும். பம்ப் ஓட வேண்டும். எட்டு வேலை. லெகோவில் 2007ல் வந்த ரிமோட், டி.வி. ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்யும். அதில் நாலு வழி, வழிக்கு இரண்டு வேலை, கூடினால் எட்டு. சரியாக எட்டுதான், ஒன்பதாவது ஆசைக்கு இடமில்லை. வெயிலில் அந்த ரிமோட் சரியாக எடுக்காது, வராந்தாவில் நன்றாக ஓடும். 2019ல் வந்த பெரிய வண்டிகளைக் கைபேசியிலேயே ஓட்டலாம். பள்ளியில் இருந்தது யாரோ கொடுத்த பழைய பெட்டி, அதில் பழைய ரிமோட்தான்.

எல்லாவற்றையும் காற்றிலேயே செய்வோம் என்று முதலில் ஒரு பெண் பிடிவாதம் பிடித்தாள். காற்றுக்கு ஒரு குணம் இருக்கிறது. அது இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கும். சிலிண்டரைப் பாதியில் நிறுத்தினால் நின்ற இடத்தில் விறைப்பாக நிற்காது, கையால் தொட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடும். மேல்பகுதியைக் காற்றால் சுற்ற வைத்தால், முதலில் நகராது. அப்புறம் ஒரே குதி குதித்துப் போய் இடிக்கும். அதனால் சுற்றுவதற்குப் பல்சக்கரம். பூம் நீள்வதற்குப் பல் வெட்டிய சட்டம். கொக்கிக்குக் கயிறு.

கயிற்றிலும் ஒரு நுணுக்கம். கிணற்று ராட்டினத்தில் கயிற்றை விட்டால் வாளி தொபுக்கடீர் என்று போய்விடும். கிரேனில் அப்படிப் போகக் கூடாது. அதற்கு வார்ம் கியர் என்று திருகாணி மாதிரி ஒரு பல் இருக்கிறது. மோட்டார் திருகினால் சக்கரம் சுற்றும். பாரம் சக்கரத்தை இழுத்தால் திருகாணி சுற்றாது, பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும்.

மிச்சம் காற்றுக்கு என்ன வேலை? பூம் ஏற்றி இறக்குவதும், ஜாக் காலும். இரண்டுமே பலமாகத் தள்ள வேண்டிய வேலை. ஏறக்குறைய சரியான இடத்தில் நின்றால் போதும், மயிரிழை சுத்தம் வேண்டாம்.

நிஜக் கிரேனிலும் ஜேசிபியிலும் இந்த வேலையைக் காற்று செய்வதில்லை, எண்ணெய் செய்கிறது. எண்ணெய் காற்றைப் போல அமுங்காது, அதனால் டன் கணக்கில் தூக்கினாலும் ஆடாமல் நிற்கும். பிள்ளைகள் கையில் எண்ணெய் கசிந்தால் பாவாடை சட்டை என்னவாகும்! அதனால் பொம்மைக்குக் காற்று.

பம்ப், தொட்டி, வால்வு

சின்ன மோட்டார் ஒன்று சின்னப் பம்பை அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பம்ப் வைத்து, ஒன்று அழுத்தும்போது இன்னொன்று உறிஞ்சுகிற மாதிரி மாட்டினால் மோட்டார் திணறாது. இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரிதான். அடித்த காற்று ஒரு சின்னத் தொட்டியில் சேரும். தொட்டி நிரம்பியதும் தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டியூப் பிடுங்கிக்கொள்ளும். அதற்கு ஒரு சின்னச் சிலிண்டரை ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். அழுத்தம் கூடும்போது தண்டு ரப்பரை மீறி வெளியே வந்து மோட்டார் சுவிட்சை அணைத்துவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தானாக நிற்பதும் அழுத்தம் பார்த்துத்தான்.

வால்வுக்கு மூன்று நிலை. ஒரு பக்கம் தள்ளினால் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் காற்று அடைபட்டு அங்கேயே நிற்கும். கையால் தள்ளும் வால்வை ரிமோட்டில் தள்ளுவதற்கு ஒரு குட்டி மோட்டார் வேண்டும். சாதாரண மோட்டார் என்றால் சுற்றிக்கொண்டே போய் வால்வின் குமிழை ஒடித்துவிடும். பொத்தானை விட்டதும் தானாக நடுவுக்குத் திரும்பும் சர்வோ மோட்டார்தான் சரி. ரிமோட்டை யாராவது கீழே போட்டால்கூடப் பூம் நின்ற இடத்தில் நிற்கும்.

இன்னொரு சிக்கலை ஆசிரியை சொல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். வால்வைக் கீழே வண்டியில் வைத்தால், பூமுக்குப் போகும் டியூபுகள் எல்லாம் சுற்றும் பகுதியைத் தாண்டி மேலே போக வேண்டும். இரண்டு சுற்றுச் சுற்றினால் சடை பின்னிக்கொள்ளும். பூம் வால்வையும் அதன் சர்வோவையும் சுற்றும் பகுதியிலேயே வைத்துவிட்டால்? கீழே இருந்து ஒரே ஒரு காற்று டியூப் போனால் போதும். சுற்றுத்தட்டின் நடுவில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியே விட்டார்கள். மின்வயரும் அதே ஓட்டையில் போனது. அன்றைக்கு அந்தப் பெண் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

வண்டி கவிழ்ந்தது

இரண்டாவது சனிக்கிழமை அக்காவும் எங்களோடு வந்திருந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர், சித்தாள். மூலையில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பூமைப் பக்கவாட்டில் திருப்பி 300 கிராம் கல் மூட்டையைத் தூக்கினார்கள். பூம் எழும்பியது. வண்டி அப்படியே மூட்டைப் பக்கம் சாய்ந்து விழுந்தது. கண்ணாடிக் கதவு ஒன்று தெறித்து எங்கேயோ போய்விட்டது, இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா எழுந்து வந்தார். "ஜாக்க இறக்காம தூக்குனா அப்டித்தான் பாப்பா. எங்க சைட்டுல கிரேன் வந்தா மொதல்ல நாலு காலையும் அகலமா நீட்டி ஊனுவாங்க. மண்ணு பொதபொதன்னு இருந்தா காலுக்கடியில பலகை போடுவாங்க. அதுக்கப்புறம்தான் கொக்கியவே தொடுவாங்க."

பிள்ளைகள் ஜாக் காலைக் கடைசியாக மாட்டிக்கொள்ளலாம் என்று அழகுக்கு வைப்பது போல ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆசிரியை உடனே போர்டில் கணக்குப் போட்டார். தராசு மாதிரிதான். வண்டி 1,500 கிராம். சக்கரம் நடுவிலிருந்து 4 சென்டிமீட்டரில் இருக்கிறது. கவிழாமல் பிடிக்கும் பலம் 1,500 பெருக்கல் 4, ஆக 6,000. மூட்டை சக்கரத்துக்கு வெளியே 20 சென்டிமீட்டர், 300 பெருக்கல் 20, அதுவே 6,000. பூமின் எடை சக்கரத்துக்கு வெளியே 8 சென்டிமீட்டர், 1,600. மொத்தம் 7,600. கவிழாமல் என்ன செய்யும்?

ஜாக் காலை 8 சென்டிமீட்டருக்கு நீட்டினால்? பிடிக்கும் பலம் 12,000 ஆகிறது. காலே வெளியே போய்விட்டதால் மூட்டை இப்போது காலிலிருந்து 16 சென்டிமீட்டர்தான், 4,800. பூம் 4 சென்டிமீட்டர், 800. மொத்தம் 5,600. காலை நாலு சென்டிமீட்டர் தள்ளி ஊன்றியதில் இரண்டு பக்கமும் லாபம். அதோடு, எப்படியும் சுமந்துதானே ஆக வேண்டும் என்று ஆறு பேட்டரி உள்ள பெட்டியைக் கழற்றி, பூமுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும் பகுதியின் பின்னால் மாட்டினார்கள். ஏற்றத்தில் பின்னால் கல் கட்டுவது போல.

இந்த இடத்தில் கட்டட வேலைக்குப் போகும் தோழிகளுக்கு ஒன்று. மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், 300 கிராம் மாறவே இல்லை. தூரம் மாறினால் வண்டி கவிழும். நிஜக் கிரேனும் பக்கத்தில் சுலபமாகத் தூக்கும் பாரத்தைப் பூம் நீட்டியபின் தூக்க முடியாமல் கவிழலாம். 'இப்பத்தானே தூக்குச்சு' என்று நம்பிப் பாரத்துக்கு அடியில் நிற்காதீர்கள், பூம் சுற்றும் வட்டத்துக்குள்ளும் போகாதீர்கள். மேலே கரண்ட் கம்பி போனால் இன்னும் தள்ளி நில்லுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி.

கட்டை வாங்க முடியாவிட்டால்

உண்மையைச் சொல்லிவிடுகிறோம், இந்தக் கட்டை விலை அதிகம். நம்ம பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல மாட்டோம், அதற்காகக் குழுவில் கடன் எடுக்கவும் வேண்டாம். பள்ளியில் இருந்தால் பயன்படுத்தட்டும். இல்லையென்றால் மருந்துக்கடையில் ஊசி இல்லாத புது சிரிஞ்ச் நாலு, மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூப் ஒரு மீட்டர், ஐஸ் குச்சி, அட்டைப்பெட்டி இவ்வளவு போதும். ஒரு சிரிஞ்சை அழுத்தினால் டியூபின் மறுமுனையில் உள்ள சிரிஞ்ச் நீளும். முதலில் காற்றை வைத்து ஒரு தடவை, அப்புறம் தண்ணீர் நிரப்பி ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். காற்று ஆடும், தண்ணீர் ஆடாது. ஜேசிபியில் ஏன் எண்ணெய் என்பது பிள்ளைக்குத் தானாகப் புரியும். ஆஸ்பத்திரியில் எறிந்த சிரிஞ்சை மட்டும் எக்காரணம் கொண்டும் தொட விடாதீர்கள்.

அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். எட்டாம் வகுப்பில் அழுத்தம் பாடம் இருக்கிறது. புத்தகத்தில் இரண்டு வரி சூத்திரமாக வருவதை இந்தப் பிள்ளைகள் வண்டி கவிழ்ந்து, பொறுக்கி எடுத்துப் படித்தார்கள். படிப்புதான் அக்கா. விளையாட்டும்தான்.

வீட்டுக்காரரிடம் அக்கா என்ன சொன்னார் என்று கேட்டோம். "நான் ஒண்ணும் சொல்லல. ஜாக்கு கணக்க அவளே அவங்கப்பாவுக்கு நோட்டுல போட்டுக் காட்டுனா. அவரு நெல்லு லோடு ஏத்துற ஆளு. லாரி ஒரு பக்கமா சாயுறத பாத்திருக்காரு. ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம், சனிக்கிழமை யாரு கூட்டிட்டுப் போறதுன்னாரு."

போன வாரம் வண்டி ஜாக்கை ஊன்றி 300 கிராம் தூக்கிவிட்டது. ஆனால் தூக்கி ஐந்து நிமிஷத்தில் பூம் மெல்ல மெல்ல இறங்குகிறது. எங்கேயோ காற்று கசிகிறது. பஞ்சர் கடையில் செய்வது போல ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே முட்டை விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை இரண்டு இடம் கிடைத்திருக்கிறது.